ஒற்றையாள் நிலையத்தில் இருவர்

காலையில் எழுந்ததும் கோமகள் சுவர்க் குழாயில் வாய்வைத்து மூன்று முறை ஊதினாள். அன்றைய காற்றுக்கு அதுதான் விண்ணப்பம். பச்சை விளக்கு எரிந்து, 'இருவருக்குக் காற்று ஒதுக்கப்பட்டது' என்று எழுத்து ஓடியது. பிறகு சமையல் எந்திரம் இரண்டு தட்டு உப்புமாவை வெளியே தள்ளியது. ஒன்றை அவள் சாப்பிட்டாள். மற்றதை மறுசுழற்சித் தொட்டியில் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். பதினொரு மாதமாக இதே கதை. அந்த நிலையத்தில் இருந்தது அவள் ஒருத்திதான்.

வியாழனைச் சுற்றும் காலிஸ்டோ என்ற நிலவில், பனிக்கட்டியை வெட்டி உருக்கி, அவ்வழியே போகும் கப்பல்களுக்குத் தண்ணீர் நிரப்பும் நிலையம் அது. வெட்டுவது, உருக்குவது, நிரப்புவது எல்லாம் எந்திரங்கள். அவற்றுக்குக் கை கால் உண்டு, வாய் கிடையாது. பேசும் எந்திரம் தொணதொணக்கிறது என்று முன்பு யாரோ ஒரு புண்ணியவான் மேலிடத்துக்கு எழுதிப் போட்டதன் பலன். கையெழுத்துப் போட மட்டும் ஒரு மனித ஜீவன் வேண்டும் என்பது சட்டம். அந்த ஜீவன்தான் கோமகள். வயது நாற்பத்தொன்று, சொந்த ஊர் அரியலூர்.

காற்று, சாப்பாடு, விடுப்பு, கிடங்கு என்று நிலையத்தின் சகலத்தையும் பார்த்துக்கொண்டது 'மேலாள்' என்ற மென்பொருள். அது ஓடிக்கொண்டிருந்த கணினி பழசாகிப் போகவே, மேலாளை ஒரு மெய்நிகர் எந்திரத்துக்குள் குடியேற்றினார்கள். ஏதோ பெரிய சமாசாரம் என்று பயப்பட வேண்டாம். பெரிய வீட்டைத் தடுத்து ஐந்து குடித்தனத்துக்கு விடுகிறோமே, அதுபோல ஒரே கணினியைத் தடுத்து ஐந்து மென்பொருள்களைக் குடிவைப்பது. ஒவ்வொன்றும் வீடு முழுக்கத் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும். குடியேற்றும்போது பாதுகாப்புக்காக ஒரு பிரதி எடுத்தார்கள். வினை அங்கேதான். மூலத்தில் ஒரு கோமகள், பிரதியில் ஒரு கோமகள். இரண்டையும் சேர்த்தபோது மேலாள் இருவரையும் வைத்துக்கொண்டது.

உப்புமா வீணாவது போகட்டும். ஒற்றையாள் நிலையம் என்றால் மூன்று ஆண்டு, இருவர் நிலையம் என்றால் எட்டு ஆண்டு என்பது பணிவிதி. கோமகளுக்கு அன்றோடு மூன்று ஆண்டு முடிந்தது. ஊர் திரும்ப விண்ணப்பித்தாள். மேலாள் ஒரு நொடியில் பதில் சொல்லிவிட்டது. 'தங்களுக்குத் துணை இருப்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

துணையாம். அன்று முழுக்க அவள் அழுதாள். எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்து மூன்று ஆண்டாகியிருந்தது.

மேலாளை விற்ற நிறைமதி நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினாள். பூமிக்குச் செய்தி போக முக்கால் மணி, பதில் வர முக்கால் மணி. குணசீலன் என்பவன் எழுதியிருந்தான்: 'மேடம், மெய்நிகர் எந்திரத்தில் ஓடும் மேலாளுக்கு நாங்கள் பொறுப்பேற்பதில்லை. உண்மையான கணினியில் ஓட்டி, அங்கும் இதே குறை வருகிறதா என்று பார்த்துச் சொல்லவும்.'

உண்மையான கணினிக்கு அவள் எங்கே போவாள்? ஓரங்கட்டிய பழைய கணினியையே கிடங்கிலிருந்து இழுத்து வந்தாள். அதன் மின்விசிறி செத்துப்போயிருந்தது. சூடேறாமலிருக்கப் பனிக்கிடங்கின் வாசலில் வைத்து, விரல் விறைக்க விறைக்க மூன்று வாரம் மல்லுக்கட்டி மேலாளை அதில் ஏற்றினாள். 'பணியாளர்: ஒருவர்' என்று காட்டியது. நாலு மணி நேரம் ஓடிப் புகைந்து அணைந்தது. அதற்குள் அவள் சாட்சியைப் படமெடுத்து அனுப்பிவிட்டாள்.

'மிக்க நன்றி மேடம். உண்மையான கணினியில் எங்கள் மென்பொருள் சரியாக ஓடுகிறது. ஆகவே குறை எங்களுடையதல்ல' என்று பதில் வந்தது.

மெய்நிகர் எந்திரத்தைத் தந்த இழைவெளி நிறுவனத்தைக் கேட்டாள். 'எங்கள் எந்திரத்தில் இன்னும் நான்கு மென்பொருள்கள் ஒழுங்காக ஓடுகின்றன. மேலாளை விற்றவர்களைக் கேளுங்கள்' என்று அவர்களும் கையை விரித்தார்கள். இப்படி இரண்டு பேருமாக அவளைப் பந்தாடினார்கள்.

கடைசியில் கோமகள் குணசீலனுக்கு எழுதுவதை விட்டுவிட்டு ஒலிவாங்கியில் பேசினாள். "உங்க சண்டை எனக்கெதுக்குங்க? பேச ஆளில்லாம பைத்தியம் பிடிச்சிடும்போல இருக்கு. இந்தப் புகாரை மட்டும் மூடிடாதீங்க."

ஒன்றரை மணி நேரம் கழித்து குணசீலனின் குரல் வந்தது. "சாப்பிட்டீங்களா மேடம்?"

அவள் அதைப் பதினாறு தடவை போட்டுக் கேட்டாள்.

திறந்திருக்கும் புகாரைத் தினமும் ஒருமுறை கவனிக்க வேண்டும் என்பது நிறைமதியின் விதி. குணசீலன் அதைக் 'கவனிப்பில் உள்ளது' என்று போட்டுவைத்தான். வாலாஜாபாத்தில் ஒரு மாடியறையில் தனியாக உட்கார்ந்து வேலை பார்ப்பவன் அவன். ஒப்புக்கு ஏதாவது பதிவேட்டைக் கேட்பான். பிறகு கீழ்வீட்டுச் சண்டை, மழை, பல்வலி என்று பேசுவான். அவள் பனி வெட்டும் எந்திரத்தின் குணக்கேடுகளைச் சொல்வாள். அந்த ஒன்றரை மணிக் காத்திருப்பில்தான் அவளுடைய நாள் முழுதும் ஓடியது.

இதற்கிடையே நிலையத்தின் தலைமையகம் கூடிப் பேசியது. பதிவிலிருந்து ஓர் ஆளை நீக்க இரண்டு நிறுவனங்களின் ஒப்புதலும் வேண்டும். ஓர் ஆளை அனுப்ப ஒரு கையெழுத்து போதும். பதிவில் இருவர் என்று இருக்கிறதா, நிலையத்திலும் இருவர் இருந்துவிட்டால் தீர்ந்தது. மறுநாளே நீலமேகம் என்பவனைக் கப்பலேற்றிவிட்டார்கள்.

பதிமூன்று மாதம் கழித்து அவன் வந்து இறங்கினான். உடன்குடிக்காரன், வாட்டசாட்டமான ஆள். இரண்டாவது கோமகளின் பதிவை அவன் பேருக்கு மாற்றினார்கள். பணியாளர் இருவர், ஆளும் இருவர். அன்று இரண்டு தட்டு உப்புமாவுக்கும் வாய் இருந்தது. அவன் சாப்பிடுவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் கலங்கியது.

"பதிமூணு மாசம் மேடம். அந்தப் பொட்டிக்குள்ள நானும் செவருந்தான். வந்ததும் உங்ககிட்ட பேசணும்னு ஒரு மூட்டை சேத்து வெச்சிருக்கேன்" என்றான்.

"சொல்லுங்க, சொல்லுங்க" என்று அவள் நகர்ந்து உட்கார்ந்தபோது திரை மணியடித்தது. "ஒரு நிமிஷம்" என்று எழுந்துபோனாள்.

"பதிவு சரியாயிடுச்சே மேடம். குறை தீர்ந்துதுன்னு மூடிடலாமா?" என்று குணசீலன் கேட்டிருந்தான். அவன் குரலில் சுரத்தே இல்லை. கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள். கோமகள் 'இல்லை'யை அழுத்தினாள்.

"இன்னும் கொஞ்ச நாள் கவனிப்புல வைங்க. அப்புறம், பல்லு பிடுங்கினீங்களே, வலி விட்டுதா?"

திரும்பி வந்தபோது நீலமேகம் கை கழுவியிருந்தான். "யாரு மேடம் அது?"

"சப்போர்ட்டு."

"எதும் பழுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க சொல்லுங்க."

அவன் தன் அண்ணன் கடை எரிந்த கதையை ஆரம்பித்தான். நாலு வாக்கியத்துக்குள் அவள் பார்வை திரைக்குப் போய்விட்டது. ஒன்றரை மணி நேரத்துக்கு அதில் எதுவும் வராது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் பார்த்தாள். அவன் நிறுத்தியதை அவள் கவனிக்கவில்லை.

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. அவன் சேர்த்துவைத்த மூட்டை அவிழாமலே இருந்தது. ஒரு நாள் சாப்பிட்டு முடித்து அவன் கேட்டான். "மேடம், இங்க பொழுத எப்படிப் போக்குறது?"

கோமகள் திரையிலிருந்து கண்ணெடுக்காமல், உண்மையான அக்கறையோடு சொன்னாள். "நீங்களும் ஒரு புகார் போட்டு வெச்சுக்கங்க. நல்லாப் பேசுவாங்க. மூட மட்டும் விட்டுடாதீங்க."

நீலமேகம் தன் இருக்கைக்குப் போனான். கை நீட்டினால் அவள் தோளைத் தொடும் தூரம்தான். புகார்ப் படிவத்தைத் திறந்து, 'குறையின் விவரம்' என்ற கட்டத்தின் முன் வெகுநேரம் யோசித்தான். பிறகு எழுதினான்: 'பக்கத்து இருக்கை இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பதில்தான் வருவதில்லை.'

அனுப்பிவிட்டு அவனும் திரையைப் பார்க்கத் தொடங்கினான்.