இடப்பக்கம் சாயும் விமானம்

விமானம் மறுபடியும் ஏரியில் விழுந்தது.

"இது அஞ்சாவது தடவை!" என்று சோபாவில் படுத்திருந்த அண்ணன் சொன்னான். "மீனுங்க எல்லாம் பயந்துபோய் வேற ஏரிக்குக் குடிபோயிருக்கும்."

கேமில் விமானத்தை ஓட்டியது அவன் தங்கை சில்வண்டு. அவளுக்குப் பத்து வயது. ஓயாமல் கேள்வி கேட்பதால் வீட்டில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் மேசைமேல் இருந்த ஜாய்ஸ்டிக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கைகளையும் எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள். யாரும் தொடாமலேயே, டிவியில் புதிதாகக் கிளம்பிய விமானம் மெல்ல மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.

"நான் தொடவே இல்லையே. அப்புறம் ஏன் சாயுது?"

"ஏன்னா அது ஓட்டை ஜாய்ஸ்டிக். அந்த மின்னல் உன் தலையில நல்லா மிளகாய் அரைச்சுட்டான்."

மின்னல் மாடி வீட்டுப் பையன், அவளுடைய வகுப்பு. எங்கேயும் ஆடி அசைந்து கடைசியாகத்தான் வருவான், அதனால் அந்தப் பெயர். அவனுடைய மாமா வேறு ஊருக்குப் போனபோது கேம் பெட்டியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு, ஜாய்ஸ்டிக்கை மட்டும் இவனிடம் கொடுத்துவிட்டார். பெட்டி இல்லாமல் ஜாய்ஸ்டிக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீட்டில் பெட்டி வைத்திருந்த சில்வண்டு, தன் ஸ்கேட்டிங் ஷூவைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டாள். அவன் அதைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தருவதுபோல இரண்டு கைகளாலும் கொடுத்திருந்தான்.

'அவனா ஏமாற்றுவான்?' சில்வண்டுக்கு நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் காலை மின்னலையே கூட்டிவந்தாள். அவன் உட்கார்ந்தான். விமானம் கோடு போட்டதுபோல நேராகப் பறந்தது. மேலே ஏறியது, வட்டமடித்தது, மேகத்துக்குள் நுழைந்து வெளியே வந்தது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றான் மின்னல்.

"ஆமா, இப்ப நல்லாத்தான் இருக்கு" என்று சில்வண்டு தலையைச் சொறிந்தாள்.

மின்னல் சாப்பிட வீட்டுக்குப் போனான். அவளும் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். விமானம் இடப்பக்கம் சாய்ந்து, நேரே ஏரிக்குப் போனது.

அண்ணன் விடுவானா? மாடிப்படியில் மின்னலைப் பார்த்ததும், "என்னப்பா, உடைஞ்ச சாமானைத் தள்ளிவிட்டுட்டு ஷூவைத் தட்டிட்டுப் போயிட்டே!" என்று சொல்லிவிட்டான்.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. வாசலில் மின்னல் நின்றான். கையில் ஸ்கேட்டிங் ஷூ. அவன் வேகமாக வந்திருந்தான், மூச்சு வாங்கியது. அவன் அப்படி வந்து அவள் பார்த்ததே இல்லை.

"இந்தா உன் ஷூ. நான் யாரையும் ஏமாத்தலை."

"நீ ஏமாத்தினேன்னு நான் சொல்லவே இல்லையே!"

"உங்க அண்ணன் சொன்னாரே. படியில இருந்த எல்லாருக்கும் கேட்டுச்சு."

சில்வண்டு ஷூவை வாங்கவில்லை. "ஒரு நாள் டைம் குடு. காலையில நல்லா ஓடுது, மதியம் சாயுது. அது ஏன்னு நான் கண்டுபிடிக்கிறேன்."

மின்னல் ஷூவை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்று மாலை சில்வண்டு ஒரு வழி விடாமல் முயன்றாள். கேபிளைப் பிடுங்கி வேறு துளையில் செருகினாள். பெட்டியை அணைத்து மறுபடி போட்டாள். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கைப்பிடியின் இடுக்குகளைச் சுத்தம் செய்தாள். உள்ளேயிருந்து ஒரு பிஸ்கட் துணுக்கு வந்தது. அவ்வளவுதான். விமானம் சாய்ந்தது.

மறுநாள் காலையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மேசைமுன் உட்கார்ந்தாள். கேமின் செட்டிங்ஸில் ஒரு சோதனைத் திரை இருந்தது. வட்டத்தின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஜாய்ஸ்டிக் சரியாக இருந்தால் புள்ளி நடுவில் நிற்கும். இல்லாவிட்டால் நகரும். இனி விமானத்தை ஏரியில் தள்ள வேண்டியதில்லை. புள்ளியைப் பார்த்தாலே போதும்.

'ஒன்பது மணி. நடுவில்' என்று எழுதினாள்.

'பத்து மணி. நடுவில்.'

"என்ன எழுதுற?" என்று அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"மதியம் மட்டும் நம்ம வீட்ல என்ன மாறுதுன்னு பார்க்கிறேன். வெயில் இந்தப் பக்கம் வருது. ஒருவேளை சூட்டுல கெட்டுப்போகுதோ?"

திரைச்சீலையை விலக்கி வெயிலை உள்ளே விட்டாள். ஜாய்ஸ்டிக் நன்றாகச் சூடேறியது. புள்ளி அசையவில்லை.

"அண்ணா, நீ மதியம் சோபாவுல படுப்பியே. இப்பப் படு."

"எனக்குத் தூக்கம் வரலை."

"தூங்க வேண்டாம். சும்மா படு. சோதனை!"

அண்ணன் படுத்தான். புள்ளி அசையவில்லை. குறட்டை விடச் சொன்னாள். விட்டும் பார்த்தான். புள்ளி நடுவிலேயே நின்றது.

"போதும், எழுந்திரு. உன் மேல தப்பில்லை" என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பன்னிரண்டரை ஆயிற்று. பக்கத்து அறையில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. அன்றைய வேலையை முடித்துவிட்டு அம்மா வந்தார். அவர் துணி வெட்டுவதும் இந்த மேசையில்தான். அதன் இடப்பக்க இழுப்பறையைத் திறந்து, கத்தரிக்கோலையும் ஒரு தட்டையான டப்பாவையும் உள்ளே வைத்து மூடினார்.

திரையில் புள்ளி வழுக்கிக்கொண்டு இடப்பக்கம் போனது.

"அம்மா! அசையாத! அப்படியே நில்லு!"

அம்மா ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். "என்னடி? பல்லியா? எங்கே?"

"பல்லி இல்லம்மா. காலைக் கீழ வைச்சுக்கோ. இப்ப உள்ள வைச்சதை வெளிய எடு."

அம்மா கத்தரிக்கோலை எடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. டப்பாவை எடுத்தார். புள்ளி நடுவுக்கு ஓடிவந்தது.

"திரும்ப வை!"

புள்ளி இடப்பக்கம் போனது.

"எடு!"

நடுவில்.

"இந்த டப்பாவுல என்னம்மா இருக்கு?"

"குண்டூசிதான். கொட்டாம இருக்கறதுக்காகக் கீழ ஒரு காந்தம் ஒட்டி வைச்சிருக்கேன். நம்ம பழைய ஸ்பீக்கர் உடைஞ்சதில்ல? அதுல இருந்தது." அம்மா டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். ஓர் ஊசிகூட விழவில்லை.

காந்தம்! சில்வண்டு அந்த டப்பாவை வாங்கி ஜாய்ஸ்டிக்கின் வலப்பக்கம் கொண்டுபோனாள். புள்ளி வலப்பக்கம் வந்தது. முன்னால் கொண்டுபோனாள். புள்ளியும் கூடவே வந்தது. மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். நாய்க்குட்டி பின்னாலேயே வருவதுபோலப் புள்ளியும் ஒரு சுற்றுச் சுற்றியது.

அண்ணன் எழுந்து வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். ஜாய்ஸ்டிக்கோடு மின்னல் கொடுத்திருந்த விளக்கத் தாளை எடுத்துப் படித்தான். "கைப்பிடிக்கு அடியில ஒரு சின்னக் காந்தம் இருக்காம். அது எந்தப் பக்கம் நகருதுன்னு உள்ள இருக்கிற ஒரு சிப் பார்த்துச் சொல்லுமாம்."

"அப்போ அம்மாவோட பெரிய காந்தம் பக்கத்துல வந்ததும், பாவம், அது குழம்பிப்போயிருக்கு!" என்றாள் சில்வண்டு. "ஜாய்ஸ்டிக் உடையவே இல்ல. மின்னல் சொன்னதுதான் சரி."

"சரி, டப்பாவை அலமாரியில வைச்சுட்டா வேலை முடிஞ்சது. வா, ஓட்டலாம்" என்று அண்ணன் நாற்காலியை இழுத்தான்.

"முடியலை. இன்னும் ஒரு வேலை இருக்கு."

"என்ன?"

"நீ மேல வரணும்."

அண்ணன் காதைத் தேய்த்தான், சட்டைப் பொத்தானைச் சரிசெய்தான், தண்ணீர் குடித்தான். சில்வண்டு ஸ்கேட்டிங் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் காத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவன் வந்தான்.

மின்னல் கதவைத் திறந்து இருவரையும் பார்த்தான்.

"தம்பி, ஜாய்ஸ்டிக் நல்லாத்தான் இருக்கு" என்றான் அண்ணன். "கோளாறு எங்க வீட்டு மேசையில. விசாரிக்காம வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். தப்பு என்னுதுதான்." பிறகு படியை எட்டிப் பார்த்து, கீழ்வீட்டுக்கும் கேட்கும்படி, "தப்பு என்னுதுதான்!" என்று இன்னொரு முறை உரக்கச் சொன்னான். கீழே ஒரு கதவு திறந்து, யாரோ எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள்.

மின்னலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சில்வண்டு நீட்டிய ஷூவையும் வாங்கிக்கொண்டான்.

"மேசையில என்ன கோளாறு?" என்று கேட்டான்.

"சொன்னா நம்பமாட்டே. வந்து பாரு" என்றாள் சில்வண்டு.

அவன் வந்து பார்த்தான். டப்பாவை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, புள்ளியை ஓடவிட்டான். பிறகு சமையலறையிலிருந்து கரண்டி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் பொம்மை, அண்ணனுடைய ஹெட்போன் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து ஜாய்ஸ்டிக்கின் பக்கத்தில் வைத்தார்கள். கரண்டிக்குப் புள்ளி அசையவில்லை. பொம்மைக்கு ஒரு துளி அசைந்தது. ஹெட்போனுக்குக் கிடுகிடுவென்று ஆடியது.

"ஹெட்போனுக்குள்ளேயும் காந்தமா?" என்றான் மின்னல்.

"கழற்றிப் பார்த்தா தெரிஞ்சிடும்" என்றாள் சில்வண்டு.

"ஐயோ, வேண்டாம்!" அண்ணன் ஹெட்போனைப் பிடுங்கிச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான்.

"சரி, நாம பறக்கலாம்" என்று மின்னல் நகர்ந்து இடம் கொடுத்தான். "நீ கைப்பிடியைப் பிடி. நான் வேகத்தைப் பார்த்துக்கறேன்."

அன்று மதியம் மூன்று மணிக்கு, வெயில் முழுவதும் மேசைமேல் விழுந்துகிடந்த நேரத்தில், விமானம் மலையைத் தாண்டி, நகரத்தைத் தாண்டி, துளியும் சாயாமல் ஓடுபாதையை நோக்கி இறங்கியது. சக்கரம் தரையைத் தொடும்வரை அந்த வீட்டில் ஒருவரும் மூச்சு விடவில்லை, அம்மா உட்பட.