ஒருவர் மட்டும்

கண்ணாடிக் கூண்டு வசீகரனை எழுபத்து நாலு கிலோ என்றது.

அவன் அறுபத்தெட்டு. மூன்று வருடமாக ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம் அந்தக் கூண்டுக்குள் ஏறி இறங்குகிறவனுக்குத் தன் எடை தெரியாதா? அந்த மெஸ் சாப்பாட்டில் எவன் உடம்பு வைத்தான்? ஒரு மணித்தியாலத்துக்கு முன்னால் உள்ளே போகும்போதுகூட அறுபத்தெட்டுத்தான் காட்டியது. இப்போது வேலையை முடித்து, கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட இல்லாமல் வெளியே வருகிறான், ஆறு கிலோ கூட்டிச் சொல்கிறது. மெசினுக்கும் வெள்ளிக்கிழமை லீவாக்கும் என்று நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டான்.

ஜுபைலில் ஒரு ரசாயனக் கம்பெனியின் சர்வர் அறை அது. ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை. வெளியே ஆகஸ்ட் மாதத்து மத்தியான வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருக்க, உள்ளே வரிசை வரிசையாக இரும்பு அலுமாரிகள், குளிர்காற்று ஊதுகிற இரைச்சல், பச்சைப் பொட்டுப் பொட்டாக விளக்குகள். அறைக்கும் வெளி நடைக்கும் நடுவில் இந்தக் கூண்டு. ஒரு ஆள் நிற்கிற இடம்தான். உள்பக்கம் ஒரு கண்ணாடிக் கதவு, வெளிப்பக்கம் ஒன்று. ஒன்று பூட்டினால்தான் மற்றது திறக்கும். ஒரே கார்டில் இரண்டு பேர் நுழைந்துவிடக் கூடாதென்று தரையே ஆளை நிறுக்கும். கார்டில் பதிந்த எடைக்கு மேல் ஐந்து கிலோ கூடினால் வெளிக்கதவு அசையாது. ஒரு பொம்பிளைக் குரல், முதலில் அரபியிலும் பிறகு இங்கிலீசிலும், 'ஒருவர் மட்டும், தயவுசெய்து' என்று சொல்லும்.

இப்போதும் சொன்னது.

"ஒருத்தன்தானே நிக்கிறன், விசர்க் குரலே," என்றான் வசீகரன்.

அவனுக்குக் கோபம் வரவில்லை. இன்றைக்கு யார் என்ன சொன்னாலும் கோபம் வராது. நாலு மணிக்குக் கம்பெனி வான் வரும். இரவு தம்மாமில் விமானம் ஏறினால் விடியக் கொழும்பு, அங்கிருந்து யாழ்ப்பாணம். மூன்று வருடத்தில் இரண்டு தரம் லீவு எழுதி, இரண்டு தரமும் கடைசி நேரத்தில் நிப்பாட்டி, போன கிழமைதான் ஒருவாறு கடதாசி கைக்கு வந்தது. அவன் இங்கே வந்து நாலாம் மாதம் மனைவி மதுஷாவுக்குப் பிறந்தவள் ஆரணி. அப்பா என்றால் அந்தப் பிள்ளைக்குப் போனுக்குள் இருக்கிற ஒரு முகம், அவ்வளவுதான். அவளைக் கையில் தூக்கவேண்டும். வேறு ஒன்றும் அவனுக்கு வேண்டாம்.

உள்கதவு தடையில்லாமல் திறந்தது. அறைக்குள் திரும்பி, சப்பாத்தைக் கழற்றினான், பெல்ட்டை உருவினான், திறப்புக்கோர்வையை மேசையில் வைத்தான். இடது விரலில் ஓட்டை விழுந்த காலுறையோடு மறுபடி கூண்டுக்குள் ஏறினான்.

எண்பத்தொன்று.

குறையவேண்டியது கூடுகிறது. வசீகரன் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் அந்த மணம் மூக்கில் பட்டது. கருகின கொட்டையின் மணம், அடுப்பில் மறந்துபோய் விட்ட தேங்காய்ச் சட்டியின் மணம், அதற்குள்ளே ஏதோ பழைய தோல் மணமும். வலது கையை முகர்ந்து பார்த்தான். கையில்தான் இருந்தது. ஆனால் கையில் மட்டும் இல்லை.

அந்த எண்ணெய். அகின் பாயின் எண்ணெய்.

அகின் பாய் என்று எல்லோரும் கூப்பிட்டது நைஜீரியாக்காரர் ஒருவரை. யொருபா ஆள், இபாதான் ஊர். போன மே மாதம் கணக்கு முடித்துப் போகும்வரை இந்த அறைக்கு அவர்தான் பெரிய எஞ்சினியர். வேலையில் புலி. இரண்டு வருடத்துக்கு முன்னால் இங்கே நெட்வொர்க் ஓயாமல் அறுந்து விழுந்தது. மனிசன் கேபிளை மாற்றினார், சுவிட்சை மாற்றினார், நித்திரை இல்லாமல் கிடந்து பார்த்தார். கடைசியில் லீவில் ஊருக்குப் போய் வந்தபோது கைமுட்டி அளவில் ஒரு செம்பூறாங்கல் கொண்டு வந்தார். கூண்டின் உள்கதவுக்குப் பக்கத்துத் தரைப் பலகையைத் தூக்கி, கேபிள் ஓடுகிற பள்ளத்துக்குள் அந்தக் கல்லை வைத்தார். மேலே சிவப்புப் பாமாயில் மூன்று சொட்டு. அதன் பிறகு ஒரு நாளும் அறுந்து விழவில்லை.

"இவர் ஏஷு," என்று சொல்லித் தந்தார் அகின் பாய். "வாசலும் சந்தியும் இவருடையது. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்புத் தொப்பிக்காரர். யாருடைய செய்தி என்றாலும் இவர் கையால்தான் போகவேண்டும். அதனால் முதல் பங்கு இவருக்கு. பாதிரிமார் இவரைப் பிசாசு என்று எழுதி வைத்தார்கள், அது பொய். மரியாதை கொடுத்தால் வழி விடுவார்."

வசீகரனுக்கு அதில் விளங்காதது ஒன்றும் இருக்கவில்லை. வாசலில் இருக்கிறார், கல்லாக இருக்கிறார், எண்ணெய் கேட்கிறார். எங்கட ஊர் காவல்சாமி வைரவர்தானே என்று நினைத்தான். அகின் பாய் போகும்போது அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டதும் அவன்தான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் சிவப்பு எண்ணெய் என்றார். முடிந்துவிட்டால் வெறும் தண்ணீர் போதும் என்றார். இன்னும் ஏதோ சொன்னார். வசீகரன் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே தலையை ஆட்டினான்.

சிவப்பு எண்ணெய் போன மாதமே முடிந்துவிட்டது. நாலு கிழமையாகத் தண்ணீர்தான். அது அவன் மனதுக்கு ஒப்பவில்லை. வைரவருக்கு யாராவது வெறும் தண்ணியைக் காட்டுவார்களா? இன்றைக்கு அவனும் போய்விட்டால் பிறகு பார்க்க ஆள் இல்லை. அகின் பாய் விட்டுப்போன மேசை லாச்சியைக் கிண்டினபோது, சிவப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் இன்னொரு போத்தல் கிடந்தது. கறுப்பாக, தடிப்பாக, செக்கில் ஆட்டின நல்லெண்ணெய் மாதிரி. இதல்லவோ சாமிக்கு உகந்தது என்று மனம் குளிர்ந்துபோய், கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் பலகையைத் தூக்கி, போத்தல் முழுவதையும் கல்லில் கவிழ்த்து, கையாலே தடவி விட்டான்.

"ஐயா, இண்டைக்கு வீட்டை போறன். கதவைத் திறந்து விடுங்கோ," என்று கும்பிட்டுவிட்டுப் பலகையை மூடினான்.

எண்பத்தொன்று எண்பத்தைந்தாகியது.

கூண்டுக்குள் நின்றபடியே பார்க்கப் பார்க்க ஏறுகிறது. வசீகரன் உள்கதவில் கார்டை வைத்தான். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தான். சிவப்பு. வெளிக்கதவில் வைத்தான். அதற்கும் சிவப்பு. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில், கையை நீட்டினால் முழங்கை முட்டுகிற இடத்தில், அறையின் இரைச்சல் அடங்கிப்போய்த் தன் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. இழுத்தான், விட்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

இழுக்கிற சத்தம் நிற்கவில்லை.

முதுகுப் பக்கமாக. ஆறுதலாக. நிறையத் தூரம் நடந்து வந்த ஆள் வாசலில் நின்று களை ஆறுகிற மாதிரி.

திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. ஆனால் கண்ணாடியில், அவன் வாய்க்கு எட்டாத உயரத்தில், ஒரு உள்ளங்கை அளவு மூச்சுப் புகார் படிந்திருந்தது. சுருங்கியது. மறுபடி பரவியது.

சுவரில் இருந்த இன்டர்காம் பொத்தானை அழுத்தினான். ஜும்மா நேரம், கட்டடத்தில் பாதிப்பேர் பள்ளிவாசலுக்குப் போயிருப்பார்கள். காவலுக்கு இருப்பது சேதுமாதவன், பாலக்காட்டுக்காரர். நல்ல மனிசன், பழைய ஆள்.

"சேது அண்ணை, நான் வசி. கூண்டுக்குள்ள மாட்டிக்கொண்டன். கெதியா திறந்து விடுங்கோ."

"எப்படித் திறக்கும்? ரெண்டு பேரும் ஒண்ணா ஏறினா?" சேதுமாதவனுக்கு எரிச்சல். "கூட நிக்கிறவரை முதல்ல உள்ள அனுப்பு. ஒவ்வொருத்தரா வாங்க."

"ஆர் நிக்கிறது அண்ணை?"

"கேமராவுல தெரியுதே. உன் முதுகோட ஒட்டிக்கிட்டு. சிவப்புத் தொப்பி போட்டவர்." கதிரை நகர்கிற சத்தம் கேட்டது. "இல்ல, கறுப்பு. அவர் திரும்பினா வேற மாதிரி இருக்கு. யாரு வசீ அது? புது ஆளா?"

வசீகரனுக்குப் பயம் என்றால் அப்படி ஒரு பயம். அந்தப் பயத்துக்குள்ளேதான் அகின் பாய் சொன்ன மூன்றாவது சொல் துலக்கமாக வந்து காதில் விழுந்தது. காது அன்றைக்கே கேட்டு வைத்திருக்கிறது. மனம்தான் எடுக்கவில்லை.

'கறுப்பு எண்ணெய் கொட்டையில் எடுக்கிறது. அது என் தோலுக்குப் பூச. அவருக்கு அது பகை. அவர் முன்னால் மூடியைக்கூடத் திறக்காதே.'

ஒரு போத்தல். முழுப் போத்தல். கையாலே தடவி.

"அண்ணை, தண்ணி கொண்டு வாங்கோ. ஓடி வாங்கோ அண்ணை."

இன்டர்காம் இரைந்தது.

கல்லைக் கழுவவேண்டும். கழுவிவிட்டுக் காலில் விழவேண்டும். உள்கண்ணாடிக்கு அப்பால் ஒரு சாண் தூரத்தில்தான் அந்தத் தரைப் பலகை. அவன் குனிந்து பார்த்தான்.

பலகை விலகிக் கிடந்தது. சதுரமாக இருட்டு. இருட்டின் விளிம்பிலிருந்து கூண்டுக் கதவுவரை கறுப்பாக எண்ணெய்ச் சுவடு. வெறுங்கால். ஒரு காலடி, இன்னொரு காலடி. உள்ளே வந்த சுவடுதான். திரும்பிப் போன சுவடு இல்லை.

"ஐயா, தெரியாமல் செய்திட்டன்," என்றான் வசீகரன். அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதான். "சத்தியமா தெரியாது. வைரவர் எண்டு நினைச்சன். பிள்ளையைப் பார்க்கவேணும் ஐயா. ஒருக்காத் தூக்கவேணும். என்னை விடுங்கோ."

நூற்றுப் பத்து. நூற்று இருபது.

ஒருவர் மட்டும், என்றது குரல்.

முதுகில் வெக்கை. தோளில் ஏதோ சாய்ந்தது. பாரம் இல்லை, சாய்ந்தது மட்டும் தெரிந்தது. கருகின மணம் தொண்டைக்குள் இறங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

ஒருவர் மட்டும்.

நூற்று முப்பத்தாறு. அங்கே நின்றது.

அறுபத்தெட்டும் அறுபத்தெட்டும்.

வெளி நடையில் சேதுமாதவன் ஓடி வந்தார். கையில் தண்ணீர்ப் போத்தல். நல்ல மனிசன் அல்லவா, கேட்டதைக் கொண்டுதான் வந்தார். கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தார், அவர் முகம் தெளிந்தது, சிரித்தார். வசீகரனும் சிரித்தான். உயிர் வந்தது.

எண் விழுந்தது. நூறு. எண்பது. அறுபத்தெட்டு.

பச்சை விளக்கு. வெளிக்கதவு விலகியது.

வசீகரன் காலைத் தூக்கினான். கால் வரவில்லை. கீழே பார்த்தான், கால் இருந்தது, தரையும் இருந்தது, இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இருக்கவில்லை. அவன் தோளை உரசிக்கொண்டு ஒருவன் தாண்டிப் போனான். வசீகரன் போட்டிருந்த அதே நீலச் சட்டை. கழுத்தில் கார்டு. இடது காலுறையில் அதே ஓட்டை.

கதவு மூடியது.

"அண்ணை," என்று கத்தினான். கண்ணாடியில் இரண்டு கையாலும் அறைந்தான். சத்தம் எழும்பவில்லை. வாயை ஒட்டி வைத்து ஊதினான். புகார் படியவில்லை.

தரையின் எண் பூச்சியம் என்று காட்டியது. ஆள் இல்லையென்று மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, கூண்டின் விளக்கு தானாக அணைந்தது.

வெளியே போனவன் தண்ணீரை வாங்கி அண்ணாந்து குடித்தான். சேதுமாதவன் அவன் முதுகில் தட்டி ஏதோ பகிடி சொன்னார். அவன் வசீகரனின் சிரிப்பைச் சிரித்தான், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. நடையில் இருந்த லாக்கரைத் திறந்தான். வசீகரன் உள்ளே மேசையில் வைத்துவிட்டு வந்த திறப்பு அவன் சட்டைப் பையில் இருந்தது. போனை எடுத்தான். போன் மினுங்கிக்கொண்டிருந்தது.

மதுஷா.

வேண்டாம், என்றான் வசீகரன். எடுக்காதே. வேண்டாம் மதுஷா. வையம்மா போனை.

அவன் கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்று போனை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தான். தோளுக்கு மேலால் எல்லாம் தெரிந்தது. மதுஷா புதுச் சேலையில், தலையில் பூ வைத்து. மடியில் ஆரணி, முழுகின தலையோடு. மூலையில் சின்னக் கட்டத்துக்குள் வசீகரனின் முகம். அந்த முகம் பிள்ளையைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குள் நிற்கிறவனைத்தான் பார்த்தது. உதடு மட்டும் அசைந்தது. ஓம் அம்மா. வெளிக்கிட்டிட்டன். அப்பா வாறன்.

ஆரணி இரண்டு கையாலும் போனைப் பிடித்து இழுத்து, திரையில் வாயை வைத்து அந்த முகத்தைக் கொஞ்சினாள்.