எல்லாரும் இறங்கியாச்சு

"பதினேழாம் கம்பத்துக்கு லைன் கிளியர், எல்.சி. வேணும் சார். லைனை நிறுத்துங்க."

போனின் மறுமுனையில் சப்ஸ்டேஷன் ஆபரேட்டர் வேதாந்தம், "எந்தக் கம்பம்?" என்று மறுபடி கேட்டார். அடையாறு செக்‌ஷன் ஆபீசில் ஈவ்லின் இன்ஜினீயராகச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்: எந்தக் கம்பத்துக்கும் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லு, ஆபீஸ் வாசலில் நிற்கிற பதினேழுக்கு மட்டும் கேட்காதே. ஏன் என்றால் சிரித்தார்கள். வீட்டிலேயே முதன்முதலாக டிகிரி வாங்கியவள் அவள். காரணம் சொல்லாத உத்தரவு என்றாலே பற்றிக்கொண்டு வரும்.

"இன்சுலேட்டர்ல விரிசல் சார். கீழ பசங்க கிரிக்கெட் ஆடறாங்க. கம்பி அறுந்து விழுந்தா நீங்க வந்து தூக்குவீங்களா?"

"எழுதிக்கோம்மா. எல்.சி. நாப்பத்தொண்ணு."

அன்று மாலைதான் அவளும் லைன்மேன் நாகராஜும், மின்சாரம் எங்கே கசிகிறது என்று இரைச்சலை வைத்துக் கண்டுபிடிக்க, எந்த ஸ்டேஷனும் வைக்காத டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு, கடற்கரைப் பக்கமிருந்து கம்பம் கம்பமாக நடந்து வந்திருந்தார்கள். பதினாறு கம்பங்களில் மெல்லிய இரைச்சல் மட்டும் வந்தது, பதினேழின் அடியில் அது கடுகு வெடிப்பதுபோல் பொரிந்தது, உப்புக்காற்றில் எரிந்த தூசியின் நாற்றமும் இறங்கியது.

தெரு இருண்டது. மின்விசிறி ஓய்ந்து நின்றது. நாகராஜ் ஏறினான், பீங்கான் இன்சுலேட்டரை மாற்றினான், இறங்கி வந்து பெல்ட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினான்.

"முடிஞ்சிச்சு மேடம். ரிட்டர்ன் குட்த்துடுங்க."

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எல்.சி. புத்தகத்தைத் திறந்தாள். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே ஒரே வரி: ஆட்கள் அனைவரும் இறங்கிவிட்டனர். இந்த ரிட்டர்ன் போனால்தான் லைனில் மின்சாரம் விடுவார்கள்.

மேஜைமேல் டிரான்சிஸ்டர் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது.

"அதை ஆஃப் பண்ணுப்பா."

"அப்பவே பண்ட்டேன் மேடம்." நாகராஜின் குரல் இறங்கிவிட்டது. "பேட்டரி என் கைல கீது."

வெளியே, மேலே, இரும்பில் பெல்ட் கொக்கி தட்டும் சத்தம்.

மறுபடியும். சற்றுக் கீழே.

நாகராஜின் பெல்ட் நாற்காலியில்தான் தொங்கியது.

போன் அடித்தது. வேதாந்தம்.

"ரிட்டர்ன் குடும்மா. லைனை சார்ஜ் பண்ணணும்."

"முன்னாடி இந்தக் கம்பத்துல எத்தனை பேர் ஏறினாங்க சார்?"

"ரெண்டு பேர்."

"இறங்கினது?"

"எல்லாரும் இறங்கியாச்சுன்னு கையெழுத்து வந்துது. நான் சார்ஜ் பண்ணிட்டேன். கையெழுத்துப் போட்டுடும்மா. லைன்ல கரன்ட் வந்தாத்தான் அது அடங்கும்."

"மறுபடியும் எரிக்கச் சொல்றீங்களா?"

"போடும்மா," என்றார் வேதாந்தம்.

"போடமாட்டேன் சார்."

பேனாவை மூடினாள். புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். டார்ச்சை எடுத்தாள்.

"வாணாம் மேடம்," என்றான் நாகராஜ். அதற்குள் அவள் வாசற்படி இறங்கியிருந்தாள்.

நடந்தாள். வெளிச்சம் கம்பத்தில் ஏறியது.

பாதி உயரத்தில் ஒரு கால். கரிக்கட்டை நிறம். விரல்கள் இல்லை. கீழே அடுத்த பிடியைத் தேடி, காற்றில் மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.