ஒரே சட்டி, இரண்டு கரண்டி

ஞாயிறு, மதியம் ஒரு மணி. பாட்டிஸ்தே கிழவரை வியாழக்கிழமைதான் புதைத்தார்கள். அதற்குள் அவர் மகள் நியெவெஸின் கண்ணும் மஞ்சள் பூத்துவிட்டது. அப்பனுக்கு வந்த மாதிரியே முதலில் ஈரல், அடுத்து சிறுநீரகம். உள்ளே போன விஷம் எதுவென்று தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று அலிகாந்தே நகர டாக்டர் கையை விரித்துவிட்டார்.

சார்ஜென்ட் எல்வீரா சமையலறைச் சுவரைப் பார்த்தாள். சோறு தின்ன ஆளுக்கொன்றாக மூன்று மரக்கரண்டிகள், காம்பில் பெயர் சூட்டால் பொறித்திருந்தது. இரண்டில் மட்டும் மஞ்சள் ஏறிக் கிடந்தது.

"இந்த வீட்டுல சோறு யார் பண்றது?"

"நான்தான் மேடம்," என்றான் மருமகன் சிமோ. செருப்புத் தொழிற்சாலையில் தோலுக்குச் சாயம் ஏற்றுகிறவன். "வியாழன், ஞாயிறு ரெண்டு நாளும். விறகடுப்புப் பக்கம் பொம்பளைங்களை விடமாட்டேன்."

"சோத்துக்கு மஞ்சள் நிறம் ஏத்துற பொடி?"

"கடைப் பொட்டலம். நீங்கதான் சோதிச்சுட்டு சுத்தம்னு சொன்னீங்களே! ஒரே சட்டியில எல்லாரும் தின்னோம். நான் கல்லுக்குண்டா நிக்கலையா?"

அதுவும் சரிதான். அகலச் சட்டி நடுவே இருக்கும். அவரவர் முன்னால் உள்ள ஓரத்தை அவரவர் தின்பார்கள். அடுத்தவர் பங்கில் கரண்டி போடுவது அசிங்கம்.

"மாமனாருக்கு உன் சோறு பிடிக்குமா?"

"பன்னிக்கு ஊத்துற கழுநீர்ம்பாரு. கல்யாணமான நாள்லேருந்து, ஊரே பாக்க."

எல்வீரா தொட்டியடியில் இருந்த கழுவும் ஆசிடை எடுத்தாள். கிழவர் கரண்டியில் ஒரு சொட்டு விட்டாள். மஞ்சள் சட்டென்று ரத்தச் சிவப்பானது.

"கடைப் பொடின்னா சோப்புல போயிருக்கும், ஆசிட்ல இப்படிச் சிவக்காது. இது தோல் சாயம்."

சிமோ கரண்டி நிறம் மாறவில்லை. நியெவெஸ் கரண்டி சிவந்தது.

"ஐயோ! அவ பக்கம் நான் போடவே இல்லையே!" என்று அலறினான் சிமோ.

"அப்போ யார் பக்கம் போட்டே?"

எல்வீரா கிழவர் கரண்டியை அவன் முன்னால் நீட்டினாள்.

"தண்ணி சேர்த்தப்புறம் இந்தச் சோத்தை யாரும் கிளறமாட்டாங்க. கடைசியா வாசனைக்கு ரோஸ்மேரி தழை தூவுற சாக்குல கிழவர் ஓரமா சாயத்தையும் தூவியிருக்கே. போட்ட இடத்துலயே கிடந்திருக்கும். மஞ்சள் மேல மஞ்சள், யாருக்குத் தெரியும்?"

"அவ எப்படித் தின்னா?" என்று முனகினான்.

ஆம்புலன்ஸுக்காகப் போர்வைக்குள் காத்திருந்த நியெவெஸ்தான் பதில் சொன்னாள்.

"எனக்கு அடிக்காந்தல்னா உசுருன்னு அப்பா தன் பங்கைச் சுரண்டி என் பக்கம் தள்ளுவாரு. நீ குனிஞ்ச தலை நிமிராம தின்னுட்டிருப்பே, சிமோ."

எல்வீரா டாக்டருக்குப் போன் போட்டாள். சாயம் என்று கேட்டதும் அந்தப் பக்கம் பெருமூச்சு வந்தது. "தெரிஞ்சது நல்லதுதான். ஆனா ஈரல் முக்காலும் போயிடுச்சே."

சிமோ மனைவியின் காலடியில் விழுந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"தள்ளும்போதெல்லாம் என் காதுல என்ன சொல்வாரு தெரியுமா? 'உன் புருஷன் மாதிரி சோறு பண்ண இந்த ஜில்லாவுலயே ஆள் இல்லடி. அவன்கிட்ட சொல்லிடாதே, தலைக்கனம் ஏறிடும்'பாரு."