படையல் இலையை வரைந்தவன்

கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. தூரிகையைக் கழுவிவிட்டு நிமிர்ந்தபோதுதான் ராஜரத்தினம் அதைக் கவனித்தான். தாளில் அவன் போட்டிருந்த நீர்மட்டம் மேலே இருந்தது. எதிரே வாழையிலையில் இருந்த குவளையின் நீர்மட்டம் கீழே இருந்தது. கண்தான் ஏமாற்றியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு, ஈரத் தூரிகையால் பழைய கோட்டை ஒற்றியெடுத்துவிட்டுத் தாழ்த்தி வரைந்தான். மனசில் இருப்பதை வரையாதீர்கள், எதிரில் இருப்பதை வரையுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் தொண்டை வற்றக் கத்துகிற சித்திர வாத்தியார் அவன்.

காஜா பேராங்கில் அன்று பழப் பார்ச்சு. மாம்பழமும் மங்குஸ்தீனும் காய்த்துக் கொட்டும் பருவத்தில், இறந்தவர்களுக்கு இலை போட்டுப் பழம் படைத்து, சாம்பிராணி காட்டி, கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விடுவது, மலாய் மண்ணில் பல தலைமுறையாக வேரூன்றிய கம்போங் செட்டிக் குடும்பங்களின் வழக்கம். ராஜரத்தினம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அவன் கட்டிக்கொண்ட சிவகாமசுந்தரிதான் அந்தக் கம்போங் கிராமத்துப் பெண். அவள் போய்ச் சேர்ந்த பிறகு வரும் முதல் பார்ச்சு இது. இலை போட்டவள் அவள் தங்கை அஞ்சலை.

அஞ்சலைக்குத் தமிழ் அரைகுறைதான். மலாயைக் கலந்துதான் பேச வரும். கதவருகில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"அபாங், வாங்க போகலாம். அக்கா மக்கான் பண்றப்ப யாரும் தெங்கோக் பண்ணக் கூடாது. கண்ணு பார்த்தா அவங்களுக்குச் சாப்பாடு இறங்காது."

"நீ முன்னால போ. சட்டைய மாத்திக்கிட்டு வர்றேன்."

சட்டையை மாற்றவில்லை. வெளியில் போகவும் இல்லை. அடுத்த மாதம் மெர்டேக்கா, சுதந்திர நாள். அதற்காக ஊரில் வைக்கும் கண்காட்சிக்கு அவனிடம் ஒரு படம் கேட்டிருந்தார்கள். ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்து பார்த்தான், குன்றை வரைந்து பார்த்தான், பூவை வைத்துப் பார்த்தான். சிவகாமி செத்த நாளிலிருந்து கை தொட்டதெல்லாம் சவமாகத்தான் விழுந்தது. இன்று அஞ்சலை வைத்த இலையில் சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து, மங்குஸ்தீனின் ஊதாவிலும் ரம்புத்தானின் முடியிலும் செம்பருத்தியின் விளிம்பிலும் நின்றபோது அவன் விரல்கள் துறுதுறுத்தன. வெளிச்சம் இறங்கும் வரைக்கும்தானே, சிவகாமி புரிந்துகொள்வாள் என்று முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தான். அவள் காய்ச்சலில் உள்ளறையில் கிடந்தாள். "அபாங், ஆயர் கொஞ்சம்," என்று தண்ணீர் கேட்டாள். அவன் எதிரே சாடியில் செம்பருத்தி. பொழுது சாய்ந்தால் இதழ் சுருண்டுவிடும். "இரு, வர்றேன்," என்றான். திரும்பவும் கேட்டாள். "வர்றேன்னு சொன்னேன்ல," என்று அதட்டினான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. தூங்கிவிட்டாள் என்று நிம்மதியாகக் கடைசி இதழையும் முடித்து, கையெழுத்தும் போட்டுவிட்டுத் தண்ணீரோடு உள்ளே போனான். அவள் வாய் திறந்தபடி கிடந்தாள். நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று அஞ்சலையிடம் சொன்னான். அவளும் நம்பினாள். அவள் நம்பியதுதான் அவனை இன்றுவரை அரித்துக்கொண்டிருக்கிறது.

குனிந்து, காலடியில் இருந்த பால் டின்னில் தூரிகையை அலசினான். நிமிர்ந்தான். குவளையில் தண்ணீர் பாதியாகியிருந்தது.

வெயில் குடிக்கிறது என்று சொல்லிப் பார்த்தான். வெயில் இவ்வளவு வேகமாகக் குடிக்காது. கண் கொட்டாமல் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தான். நீர் ஆடாமல் நின்றது. சாம்பிராணி வாசத்துக்கு அடியில் வேறொரு வாசம் எழுந்தது. நாள்பட்ட காய்ச்சல்காரர் அறையில் வீசும் புளித்த துணி வாசம். குனிந்து வண்ணம் தொட்டான். எதிரே, மிக மெதுவாக, ஒரு மிடறு இறங்கும் சத்தம் கேட்டது.

அவள்தான்.

அவன் பார்க்காத நேரத்தில்தான் அவளால் குடிக்க முடிகிறது. பார்த்தால் நிறுத்திவிடுகிறாள். வரைகிறவன் பார்க்காமல் எப்படி வரைவான்? இத்தனை நேரமும் அவளைத் தாகத்தோடு காக்க வைத்திருக்கிறான், இன்றைக்கும்.

எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் தாளில் செம்பருத்தியின் சிவப்பு இன்னும் ஈரமாக இருந்தது. இப்போது விட்டால் ஓரம் கட்டி, திட்டாகக் காய்ந்துவிடும். இந்த ஒரு இதழ் மட்டும் என்றது கை. உதடுகள் அவனைக் கேட்காமலே முணுமுணுத்தன.

"இரு, வர்றேன்."

அறை அப்படியே அடங்கிப்போனது. வெளியே கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளின் சத்தம்கூட இல்லை. தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவனுக்கு உறைத்தபோது தூரிகை கையிலிருந்து நழுவியது. இலைக்கு அந்தப் பக்கம், உலர்ந்த நாக்கு ஒன்று மேலண்ணத்திலிருந்து பிரியும் சத்தம். டக். மறுபடியும். டக்.

வாசலுக்குப் போக வேண்டுமானால் இலையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவளுக்கு அவனால் செய்ய முடிந்தது ஒன்றுதான். கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"குடிச்சுக்கோ, சிவகாமி. நான் பார்க்கல."

குடித்தாள். மடக். மடக். குவளைத் தண்ணீர் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். சத்தம் நிற்கவில்லை. பழங்கள் பிதுங்கின. தோல் கிழிந்தது. சாறு உறிஞ்சும் சத்தம். பிறகு வாழையிலை சரசரத்தது. இலை மேல் ஏதோ ஊர்ந்து இந்தப் பக்கம் வந்தது.

காலடியில் பால் டின் அசைந்தது.

தகர விளிம்பில் பல் பட்டது. சிவப்பும் ஊதாவும் கரைந்த அழுக்குத் தண்ணீர். குடிக்காதே என்று சொல்ல நினைத்தான். மடக். மடக். மடக். காலி டின் உருண்டு சுவரில் மோதி நின்றது. மடியில் இருந்த தாள் லேசாக அசைந்தது. ஈரச் சிவப்பை ஏதோ நக்கியது.

வெளியே வாசலில் அஞ்சலையின் குரல், யாரிடமோ, நிம்மதியாக: "அக்கா சாப்பிட்டிருப்பாங்க."

அவனுக்கு அழுகை வந்தது. ஓராண்டாக வராத அழுகை. மூடிய இமைகளைத் தாண்டிக் கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. தாடைக்குப் போய்ச் சேரவில்லை. பாதி வழியில், சொரசொரப்பாக, ஈரமே இல்லாத ஒன்று அதை வழித்தெடுத்தது. அடுத்த கன்னத்திலும்.

அழுகையை நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை.

உலர்ந்த இரண்டு உதடுகள் அவன் இமை மேல் வந்து பொருந்தி, உறிஞ்சத் தொடங்கின.