மேடு ஏறினால் அலறுவான்!

காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

அசைவே இல்லை...

ஒரு காலில் செருப்பு. இன்னொரு காலில் ஈ.

சல்மியா வீலென்று அலறினாள்!

"என்னக்கா... செத்துட்டேனா?" என்றது அடியிலிருந்து ஒரு குரல். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் வேலை கிடக்கு. அதுக்கப்புறம் வேணா பாத்துக்கலாம்."

பூன் கண்ணைக் கசக்கியபடி உருண்டு வெளியே வந்தான். தாப்பா என்ற ஊரில் மலைச்சாலை ஆரம்பிக்கும் திருப்பத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். வயது நாற்பத்தைந்து. தொப்பைக்கு இருபது. ஊரே அவனைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடும்.

"தூங்கிட்டா இருந்தீங்க தவுக்கே?"

"யோசிச்சிட்டு இருந்தேன். யோசிக்கும்போது எனக்குக் குறட்டை வரும். உங்களுக்கு என்ன பிரச்னை?"

சல்மியா வாசலைக் காட்டினாள். முப்பது வயதுக் கார் ஒன்று இருமிக்கொண்டு நின்றது.

"மேடு ஏற மாட்டேங்குது. சமதரையில ஓடுது. மலைன்னா... சைக்கிள்காரன்லாம் தாண்டிப் போறான். நேத்து ஒருத்தன் டாட்டா வேற காட்டினான்!"

"எத்தனை நாளா?"

"பத்து நாளா."

பத்து நாள்!

அவள் தரை துடைக்கும் நகைக்கடையில் தங்க வளையல்கள் காணாமல் போனதும் அதே பத்து நாளுக்கு முன்புதான். ஊருக்கே தெரிந்த விஷயம். பூனுக்கும் தெரியும். ஆனால் அவன் காதைக் காரிடம் கொடுத்திருந்தான்.

"வெள்ளிக்கிழமை என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க தவுக்கே." சல்மியாவின் குரல் உடைந்தது. "கடைச் சாவி என்கிட்டயும் வாட்ச்மேன் சுக்ரிகிட்டயும்தான் இருந்துச்சு. அன்னிக்கு நான்தான் கடைசியாப் போனேன்னு சுக்ரியே சொல்லிட்டான். மலை மேல ஹாஸ்டல்ல என் மக படிக்கிறா. என்னை உள்ள வைக்கறதுக்கு முன்னாடி அவளை ஒரு தடவை பாத்துட்டு வந்துடணும். இன்னிக்குப் புதன்கிழமை... முடியுமா?"

பூன் பதில் சொல்வதற்குள் ஒரு மோட்டார்சைக்கிள் சீறிக்கொண்டு வந்து நின்றது.

சுக்ரி!

சல்மியாவின் தங்கை புருஷன். அதே நகைக்கடையின் காவலாளி. அதற்கு முன் வெல்டர். சாப்பாட்டுக் கடையில் பில் வரும் நேரம் பார்த்துக் கை கழுவப் போகிற ஆசாமி.

"இன்ஜின் செத்துப்போச்சு தவுக்கே! மாத்திடுங்க!" என்றான், வண்டியை விட்டு இறங்காமலே.

"நான் இன்னும் பானெட்டையே தொறக்கல தம்பி."

"எதுக்குத் தொறக்கணும்? சத்தத்தைக் கேட்டாலே தெரியல? அங்க நோண்டி இங்க நோண்டி நேரத்தை வீணாக்காதீங்க. பேசாம வேற இன்ஜினைப் போடுங்க. செலவு என்னுது!"

பூனின் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது.

செலவு என்னுதா?!

"அவ்வளவு பாசமாப்பா என் மேல?" சல்மியாவின் கண் கலங்கிவிட்டது.

"நீங்க எனக்கு அக்கா மாதிரியா? அக்காவேதான்!"

பூன் கொல்லைப்புறத்தைக் காட்டினான். ஜப்பானில் பாதியாக வெட்டிக் கப்பலில் ஏற்றிவிட்ட கார்கள். மூக்கும் இன்ஜினும் இருக்கும், முதுகு இராது. ஹாஃப்-கட் என்பார்கள். இவள் காருக்குப் பொருந்தும் ஒன்றும் அதில் கிடந்தது.

"நாளைக்கு மத்தியானம் வாங்க தம்பி. ரெடியா இருக்கும்."

சுக்ரி விசிலடித்தபடி போனான்.

பூன் பானெட்டைத் திறந்தான்.

"அவன் இன்ஜினை மாத்தச் சொன்னானே தவுக்கே?"

"சொன்னான். கொலை நடந்துச்சுன்னா முதல்ல பொணத்தைக் காட்டணும்ல? இந்த இன்ஜின் செத்ததுக்கு எனக்கு அத்தாட்சி வேணும்."

நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தான். நான்கும் ஒன்றுபோல் நன்றாக இருந்தன. பிளக்குகள் பளிச்சென்று பொறி விட்டன. பெட்ரோல் பம்ப் கஞ்சத்தனம் பண்ணவில்லை.

கடைசியாக வேக்குவம் மீட்டரைச் செருகி ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்தான்.

முள் மெல்ல... மெல்ல... கீழே சரிந்தது!

"அக்கா... மூச்சை உள்ள இழுக்குது. வெளிய விட முடியல. மூக்கைப் பொத்திட்டு ஓடச் சொன்னா யாரு ஓடுவா?"

பின்பக்கம் போய் சைலன்சரின் முன் பைப்பைக் கழற்றினான். இன்ஜினை முடுக்கினான்.

கார் புலியாய் உறுமியது!

"இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகல! அடைப்பு சைலன்சர்லதான்!"

சைலன்சரை இறக்கிப் புரட்டினான். உடம்பெல்லாம் துரு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் பளபளவென்று புது வெல்டிங். கட்டரை வைத்தான். பொறி பறந்தது.

உள்ளே... நசுக்கித் திணித்த ஒரு பிஸ்கட் டின்!

டின்னுக்குள்... வளையல்கள்! கரி படிந்த தங்க வளையல்கள்!

சல்மியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அல்லாவே... என் கார்லயா? நான் தொடவே இல்ல தவுக்கே! யாரு நம்புவா? என் மக மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அவள் அழுதாள். பூன் டின்னைத் துணியில் சுற்றி எடுத்து வைத்தான்.

"இதை இப்படியே நீங்க கொண்டு போனா உங்களைத்தான் உள்ள வைப்பாங்க. வெச்சவனே வாயைத் திறந்து சொல்லணும்."

"அவன் எப்படிச் சொல்லுவான்?"

"ஓடாத கார் ஓடினா எல்லாரும் சிரிப்பாங்க. யாரு அழறான்னு பாப்போம்."

பூன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். யாரிடம் பேசினான்? அவளிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை. மத்தியானம்.

"ரெடியா தவுக்கே?" சுக்ரி வந்து நின்றான்.

"நீங்களே ஓட்டிப் பாருங்க தம்பி."

சுக்ரி அலட்சியமாகச் சாவியை முறுக்கினான். பக்கத்தில் சல்மியா. பின்சீட்டில் பூன். திருப்பம் தாண்டியதும் செங்குத்தான மேடு. சுக்ரி ஆக்சிலரேட்டரை மிதித்தான்.

கார் அம்பாய்ப் பாய்ந்தது!

"ஐயோ... ஏறுதே!" சுக்ரி அலறினான்.

"ஏறத்தானே இன்ஜினை மாத்தச் சொன்னீங்க?"

"இப்படியா ஏறும்? இப்படி ஏறக் கூடாதே! சை... சைலன்சர்...?"

"அதுவும் புதுசுதான் தம்பி. புது இன்ஜினுக்குத் துருப்பிடிச்ச சைலன்சர் மாட்டினா என் பேரு என்னாகும்? இந்த வரிசைல எல்லாக் கடையிலயும் இதான் வழக்கம். உங்களுக்குத் தெரியாதா?"

"பழசு எங்க?"

"வியாழக்கிழமை பழைய இரும்பு லாரி வருமே? ஏத்தி அனுப்பிட்டேன்."

சுக்ரியின் முகம் வேகவைத்த நூடுல்ஸ் மாதிரி தொங்கியது. காரைத் திருப்பி ஒர்க்‌ஷாப்புக்குப் பறந்தான். மோட்டார்சைக்கிளில் தாவி ஏறினான். மறைந்தான்!

ஊர்க்கோடியில் பழைய இரும்புக் கிடங்கு. ஓலைத்தொப்பிக்காரன் ஒருவன் தராசு பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ் காப்பி உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"பூன் கடைச் சைலன்சர் வந்துச்சா?" சுக்ரிக்கு மூச்சு இரைத்தது.

"இருபது கிடக்கு. எது?"

"எனக்கு அது வேணும்! என் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கங்க!"

"துருப்பிடிச்ச சைலன்சருக்கு மோட்டார்சைக்கிளா?" தொப்பிக்காரன் உறிஞ்சுவதை நிறுத்தினான். "சும்மாவே தரேன். ஆனா இருபதுல உன்னுது எதுன்னு எப்படித் தெரியும்?"

"புதுசா வெல்டிங் இருக்கும். நானே பத்த வெச்சது!"

"வெல்டிங் பண்ணினது ரெண்டு இருக்கே. உள்ள என்ன வெச்ச?"

"பிஸ்கட் டின்! நசுக்கின பிஸ்கட் டின்..."

சொன்ன பிறகுதான் சுக்ரிக்கு உறைத்தது.

தொப்பிக்காரன் தொப்பியைக் கழற்றினான்.

இன்ஸ்பெக்டர் பஹாருடின்!

"டின் ஸ்டேஷன்ல பத்திரமா இருக்கு. டின்னுன்னு நான் ஒருத்தன்கிட்டயும் சொல்லலையே தம்பி! ஸ்டேஷனுக்கு வா. ஐஸ் காப்பி அங்கயும் கிடைக்கும்."

தராசுக்குப் பின்னாலிருந்து இரண்டு கான்ஸ்டபிள்கள் எழுந்து வந்தார்கள். சுக்ரியின் கையில் வளையம் ஏறியது. தங்கம் இல்லை.

யார் வண்டியிலோ தொற்றிக்கொண்டு கிடங்குக்கு வந்து சேர்ந்த பூன், சல்மியாவுக்குப் போனில் விஷயத்தைச் சொன்னான். அவள் சிரித்தாளா அழுதாளா என்று பூனுக்குப் புரியவில்லை. இரண்டும்தான்.

"இப்பவே வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கிட்டு மகளைப் பாக்கக் கிளம்பறேன் தவுக்கே! புது இன்ஜினுக்கு நான் எவ்வளவு..."

"எந்த இன்ஜின்? சைலன்சர் மட்டும்தான்கா மாத்தினேன். ஹாஃப்-கட் கொல்லைல தூங்குது."

பூனைக் கடையில் இறக்கிவிட இன்ஸ்பெக்டர் தன் சொந்தக் காரில் ஏற்றிக்கொண்டார். கடைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன மேடு வந்தது. கார் முக்கியது. முனகியது. ஊர்ந்தது.

ஹாரன் சத்தம்! சல்மியாவின் முப்பது வயதுக் கார் விர்ரென்று தாண்டிப் போனது. ஜன்னல் வழியாக ஒரு கை டாட்டா காட்டியது.

"துவான்..." என்று பூன் மரியாதையாகக் கூப்பிட்டான். "உங்க வண்டி இழுக்கலியே?"

"ஒரு மாசமா இப்படித்தான்யா. இன்ஜினை மாத்தணுமாம். நல்லவேளை, செலவை என் தங்கச்சி புருஷனே ஏத்துக்கறேன்னு..."

இன்ஸ்பெக்டர் சடாரென்று பிரேக் போட்டார்.

"இறங்குய்யா பூன்... முதல்ல சைலன்சரைக் கழட்டு!"