பாக்திகுல் சொன்னதாகச் சொல்லப்பட்டது

கிர்கிஸ் மலையூரான அத்-பாஷியில் அய்நுரா டாக்சியை விட்டு இறங்கியபோது பிற்பகல் மூன்று மணி. அக்காள் பாக்திகுல்லின் வீட்டு மதிலுக்குள் சாம்பல் நிறக் கம்பளிக் கூடாரம் நின்றது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம் வந்தது. அந்தக் கூடாரம் எசெனுடையது.

எசென் அக்காளின் கணவன். வேறொருத்தியோடு போய் வருஷக்கணக்காகிறது. பதிவில் மட்டும் இன்னும் புருஷன்; அந்த உரிமையில்தான் அக்காள் படுக்கையில் விழுந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தான். துக்கக் கூடாரத்தை முதலில் அடிப்பவன் கையில்தான் மய்யித்து, அவன் சொல்கிற இடத்தில்தான் அடக்கம். பெண்ணைப் பெற்றவர்களும் கொண்டவர்களும் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்ட கதைகள் அந்தப் பள்ளத்தாக்கில் ஏராளம்.

இடுப்பில் துக்கத் துணி கட்டி, தடியை ஊன்றி, எசென் ஓங்கி அழுதுகொண்டிருந்தான். மைத்துனியைக் கண்டதும் அழுகை நின்றது, குழாயை மூடினாற்போல.

"வா கொழுந்தியா. ரோடு எப்படி?"

"ஒரே சேறு. அக்கா எப்போ போனா?"

"இன்னிக்கு சுபுஹு தொழுகைக்கு அப்புறம். நடுராத்திரி பிடிச்ச மழை அப்பத்தான் விட்டுச்சு. அவளும் போயிட்டா."

"நேத்து சாயங்காலமே வாய் பேசலைன்னு நர்ஸ் சொன்னா."

"விடியக்காலைல தெளிஞ்சா. என் அக்கா ரய்கான் பக்கத்துலயே இருந்தா, கேளு. கெரேஸ் சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினா."

கெரேஸ் என்பது சாகிறவர் சாட்சி வைத்துச் சொல்லும் கடைசி வாக்கு. கையெழுத்து கிடையாது, முத்திரை கிடையாது. ஆனால் ஊர் அதை மீறாது. வீடும் ரொட்டிக்கடையும் எசெனுக்கு. தன்னை அவன் தாய்க்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும். பாக்திகுல் இப்படிச் சொன்னாளாம். எந்த மாமியாரின் பெயரைக் கேட்டாலே எச்சிலைத் துப்புவாளோ, அவளுக்குப் பக்கத்தில்.

"அய்பேரிக்கு?"

"பொண்ணுக்கு அப்பன் நானிருக்கேனே. விசாரிக்க நீ ஒண்ணும் போலீஸ் இல்ல கொழுந்தியா. உள்ள போய் அழு."

கூடாரத்துக்குள் போனாள். வலப்பக்கம், பெண்களின் பக்கத்தில், வெள்ளைத் துணிக்குள் அக்காள். அருகே பத்தொன்பது வயது அய்பேரி, அழுது அழுது குரல் போயிருந்தாள்.

"ராத்திரி நீ எங்க இருந்த?"

"அம்மா தூங்கட்டும்னு அப்பா சாயங்காலமே என்னை நர்ஸோட அவ வீட்டுக்கு அனுப்பிட்டார் சித்தி. காலைல வந்தா கூடாரம் நிக்குது."

"நாரின் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டுபோகல?"

"வேண்டாம்னு அவர்தான் கையெழுத்துப் போட்டார். நான் கத்தினேன். புருஷன் இருக்கும்போது உனக்கென்னன்னு டாக்டர் கேட்டார்."

அய்நுரா பல்லைக் கடித்தாள். யார் முடிவெடுக்க வேண்டும், எங்கே புதைக்க வேண்டும், எது யாருக்கு என்று எழுதி வை என எத்தனை முறை தலைபாடாக அடித்துக்கொண்டாள். சாவைப் பற்றிப் பேசினால் அது வந்து வாசலில் குதிரையைக் கட்டிவிடும் என்று சிரிப்பாள் அக்காள். ரமலானுக்கு மாவு மூட்டையை இரண்டு மாதம் முன்பே வாங்கி அடுக்குகிறவள், நாற்பத்தாறு வயதில் இதை மட்டும் நாளைக்கு என்றாள்.

அழக் குனிந்தபோது அய்நுராவின் கை கம்பளத்தின் ஓரத்துக்கு அடியில் போனது. உள்ளங்கையில் தூசி ஒட்டியது. தட்டிவிட்டு எழுந்தாள்.

சமோவார் அருகே ரய்கான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மதினி, அக்கா பேசினப்போ மழை பெய்ஞ்சுதா?"

"விட்டிருந்துச்சு."

"கூடாரம் எப்போ அடிச்சீங்க?"

"உசுர் போன பிறகுதான். உயிரோட இருக்கிறவளுக்கு யாராவது துக்கக் கூடாரம் போடுவாங்களா?"

"போடமாட்டாங்கதான்."

ரய்கான் நிரம்பிய கிண்ணத்திலேயே மறுபடி தேநீர் ஊற்றினாள்.

வெளியே ஜனாஸா தொழுகைக்கு ஆண்கள் வரிசை கட்டினார்கள். அய்நுரா நேரே அந்த வரிசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"பொம்பளைக்கு இங்க என்ன வேலை?" என்றார் தொழுகை நடத்த வந்த முதியவர் தொக்தோசுன்.

"உள்ள வந்து அந்தக் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்க பெரியவரே. பார்த்துட்டுத் திட்டுங்க."

அவர் போனார். திரும்பியபோது கையில் ஒரு பிடி புல் இருந்தது. விரலால் கசக்கினார், பொடியாக உதிர்ந்தது.

"நடுராத்திரிலேர்ந்து சுபுஹு வரைக்கும் மழை. முற்றம் முழுக்கச் சேறு," என்றாள் அய்நுரா. "கூடாரத்துக்கு அடியில மட்டும் புல் நொறுங்குது. அப்போ மழைக்கு முன்னாடியே கூடாரம் நின்னிருக்கு. மதில் உயரம், இருட்டு, யாரும் பார்க்கல. அத்தான், ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. அக்கா அப்பவே செத்துட்டாளா? அப்படின்னா விடியக்காலைல பேசினது யாரு? இல்ல, உசுரோட இருந்தாளா? அப்படின்னா மூச்சு விட்டுக்கிட்டிருந்தவ காதுபடவே அவளுக்குத் துக்கக் கூடாரம் அடிச்சீங்களா? உங்களுக்கு எது வசதியோ எடுத்துக்கோங்க."

எசென் கூடார வாசல் பக்கம் திரும்பினான். எதை எடுத்தாலும் கையைச் சுடும் என்று அவனுக்கே தெரிந்தது.

"நேத்து மக்ரிபுக்கே, பொழுது சாயறப்பவே போயிட்டா," கூடார வாசலிலிருந்து ரய்கானின் குரல் வந்தது. "ஒரு வார்த்தை பேசல. அவ ஆளுங்க வந்து தூக்கிட்டுப் போறதுக்குள்ள கூடாரம் அடிக்கணும்னான். காலைல பேசினான்னு என்னைச் சொல்லச் சொன்னான்."

தொக்தோசுன் எசெனைப் பார்க்காமலே சொன்னார். "இடுப்புல கட்டின துக்கத் துணியை அவிழ். அவளுக்காக அழுகிற உரிமை உனக்கு இல்ல."

ஊர் பார்க்க அவிழ்த்தான். பாக்திகுல்லை அவள் தகப்பன் வழி ஆட்கள் தூக்கிப்போய்த் தகப்பன் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். துக்க வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் ரொட்டி நீட்டப்பட்டது. எசெனிடம் தட்டு போகவில்லை.

அய்நுராவுக்கு அது போதவில்லை. எசெனுக்கும் அது தெரிந்திருந்தது. அவள் காரில் ஏறுமுன் காதருகே வந்தான்.

"கெரேஸ் போகட்டும். உயில் இல்லையே கொழுந்தியா. சட்டப்படி பாதி வீடு எனக்கு."

"ஆமா. அவ எழுதாம போனதுக்கு அதான் தண்டனை. வாங்க, வந்து குடியிருங்க. மறுபாதியில அய்பேரி இருப்பா. தெனமும் அவ மூஞ்சில முழிங்க. தெருவுல ஒருத்தன் உங்களுக்கு சலாம் சொல்றானான்னு நானும் பார்க்கிறேன்."

திங்கட்கிழமை அய்பேரியைக் கூட்டிக்கொண்டு அய்நுரா நோட்டரி அலுவலகத்துக்குப் போனாள். கதவு திறக்குமுன்பே அங்கே ஒருத்தி காத்திருந்தாள். ரய்கான்.

"சொத்து யாருக்கு வேணாலும் போகட்டும் தங்கச்சி," என்றாள் தலையைக் குனிந்தபடி. "நான் பேச முடியாம கிடக்கும்போது என் தம்பி மட்டும் என் கட்டிலுக்குப் பக்கத்துல வரக்கூடாது. அதை எப்படி எழுதணும்?"